மறுபூஜைக்கு முன்

மூன்றாவது கட்டத்துக்கு வந்ததும் பேனா நின்றுவிட்டது. மை இல்லாமல் இல்லை. தண்டபாணி அதை உதறிப் பார்த்தார், உள்ளங்கையில் ஒரு கோடு இழுத்துப் பார்த்தார், கோடு பளிச்சென்று நீலமாக விழுந்ததும் ஏமாந்துபோனார். மை தீர்ந்திருந்தால் எழுந்து போய் வேறு பேனா தேடலாம், தேடுகிற சாக்கில் பத்து நிமிடம் ஓடிவிடும். மணி பத்து நாற்பது. பன்னிரண்டுக்கு எம்.டி. கார் வந்துவிடும், அதற்குள் இந்தத் தாளை நிரப்பி வைக்க வேண்டும். தலைப்பில் 'இயந்திரம் நின்ற நேர அறிக்கை' என்று அச்சடித்திருந்தது, கீழே ஐந்து கட்டங்கள், ஒவ்வொரு கட்டத்தின் மூலையிலும் 'ஏன்?' என்று ஒரு சொல். முதல் கட்டத்தில் எதை எழுதினாலும் அது ஏன் என்று இரண்டாவது கேட்கும், இரண்டாவதை ஏன் என்று மூன்றாவது கேட்கும், மூன்று வயசுப் பிள்ளையிடம் மாட்டிக்கொண்டது போலத்தான். போன வருஷம் இதற்காகக் கோயமுத்தூரில் இரண்டு நாள் உட்காரவைத்து வகுப்பு எடுத்தார்கள். மத்தியானம் நல்ல சாப்பாடு. வகுப்பு எடுத்தவர் கழுத்துப்பட்டையை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டே சொன்னார்: "அஞ்சாவது ஏன் எந்த மனுஷன் மேலயும் போய் நிக்கக் கூடாது. மனுஷன் பேர் வந்துச்சுன்னா நீங்க கேள்வியச் சரியாக் கேக்கலைன்னு அர்த்தம்." எல்லாரும் தலையாட்டினார்கள், தண்டபாணியும் ஆட்டினார், ஆட்டின தலைக்கு ஒரு சான்றிதழும் கொடுத்தார்கள், அது இப்போது அவர் தலைக்கு மேலே ஆணியில் தொங்குகிறது. காலையில் மேனேஜர் போனில் சொன்னதோ வேறு. "ஆப்பரேட்டர் தப்புன்னு முடிச்சிருங்க தண்டபாணி. எம்.டி.க்கு அது போதும்." ஆப்பரேட்டர் என்றால் மாரப்பன். முடிப்பது என்றால் மாரப்பனை முடிப்பது. அவன் காண்டிராக்ட் ஆள், எழுதிய அன்றே வெளியே போக வேண்டியதுதான், காம்பவுண்டுக்குள் கொடுத்திருக்கிற ஓட்டு வீட்டையும் சேர்த்துக் காலி பண்ண வேண்டியதுதான்.

முதல் இரண்டு கட்டங்கள் தடங்கலில்லாமல் வந்தன. குஞ்சு பொரிக்கிற ஹேட்சர் மூன்றும் காலை ஆறு நாற்பதிலிருந்து ஐம்பத்திரண்டு நிமிடம் நின்றன. ஏன்? கரண்ட் போனபோது ஜெனரேட்டர் தானாக ஓடவில்லை. ஏன் ஓடவில்லை? அதன் சுவிட்ச் ஆட்டோவில் இல்லை, மேனுவலில் இருந்தது. இதையெல்லாம் வாட்ச்மேன் கூட எழுதிவிடுவான். மேனுவலில் ஏன் இருந்தது? அங்கேதான் பேனா நின்றது. அந்த ஜெனரேட்டரோ இப்போது நிற்காமல் ஓடிக்கொண்டிருக்கிறது. டிரான்ஸ்பார்மரில் மயில் விழுந்து கருகிக் கிடக்கிறது, லைன்மேன் வந்தபாடில்லை, ஏழரை மணியிலிருந்து ஜன்னலுக்கு அந்தப் பக்கம் கொட்டகையில் அதே சத்தம், ஒரே சுருதி, அந்த அதிர்வில் மேசைமேல் இருந்த டீயின் ஆடை நடுங்கிக்கொண்டே இருந்தது. எவ்வளவு ஒழுங்காக ஓடுகிறது பார், சனியன். ஒரு குறையும் இல்லை. பச்சைப் பொத்தானை ஒருதரம் அமுக்கினால் போதும் என்றுதானே காலையிலும் இருந்தது. அவர் எட்டு மணிக்கு ஹேட்சர் ரூமுக்குப் போனார். குஞ்சு வெளிவருகிற நாளில் அந்தக் கதவைத் திறந்தால் சத்தம் முகத்தில் வந்து அடிக்கும், ஒருத்தர் பேசுவது ஒருத்தருக்குக் கேட்காது, கைஜாடையில்தான் பேச வேண்டும். முப்பது வருஷமாக அந்தச் சத்தத்தில் நின்று அவருக்கு வலது காது மந்தம். இன்றைக்கு அந்த மந்தக் காதுக்கே மாரப்பன் மூச்சு வாங்குவது கேட்டது. ஈரமும் சூடும் கலந்த வாடை. தட்டுக்குத் தட்டு மஞ்சளாக, ஒன்றன்மேல் ஒன்று ஏறி, எல்லாம் கதவுப் பக்கமாகத் தலையை வைத்துக்கொண்டு. மூன்றாவது ஹேட்சரில் பாதி பிழைத்திருந்தது, அது வாசலோரம் இருப்பதால். மற்ற இரண்டிலும் காலையில் வந்த பெண்கள் இப்போது வாரிக்கொண்டிருக்கிறார்கள். எண்ணவில்லை, எடை போடுகிறார்கள், எடையை வைத்துக் கணக்குப் பார்த்தால் பதினோராயிரம் வரும் என்று சொன்னார்கள். வாருகிறவர்களில் மாரப்பன் பெண்டாட்டி பாவாயியும் இருக்கிறாள். அவரைப் பார்த்ததும் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள், வாடைக்கா அழுகைக்கா என்று தெரியவில்லை, அவர் கேட்கவும் இல்லை.

மேனுவலில் ஏன் இருந்தது? சாமி கும்பிட்டோம், அதனால் இருந்தது. இப்படி எழுத முடியுமா? எழுதினால் கோயமுத்தூரில் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். நேற்று ஆயுத பூஜை. மற்ற கம்பெனிகளில் மாதிரி இங்கே எல்லாவற்றையும் நிறுத்திவைத்துக் கும்பிட முடியாது, முட்டைக்கு ஏது லீவு, அதனால் ஓடுகிற மிஷினுக்கு ஓடுகிறபடியே பொட்டு வைப்பது வழக்கம், ஓடாமல் சும்மா நிற்கிற ஜெனரேட்டருக்குத்தான் முழுப் பூஜை. இரண்டு பக்கமும் வாழைக்கன்று, சாமந்தி மாலை, பொரி, கடலை, சுண்டல், தேங்காய்ப்பழம். போன வருஷம் எம்.டி. வீட்டம்மா வந்திருந்தார்கள். தட்டில் சூடம் ஏற்றி அம்மா கையில் கொடுத்து, அம்மா முதல் சுற்றுச் சுற்றும்போது கரண்ட் போனது. அடுத்த பத்தாவது நொடியில் இந்தச் சனியன் உறுமிக்கொண்டு எழுந்தது, மாலையை உள்ளே இழுத்து, பூவைச் சல்லிசல்லியாக அம்மா முகத்தில் துப்பியது. தட்டு கீழே விழுந்தது, சூடம் உருண்டு அணைந்தது. அம்மா ஒன்றும் திட்டவில்லை, "என்னங்க தண்டபாணி, அபசகுனமா" என்று மட்டும் கேட்டார்கள். அந்த 'ங்க'தான் அவரை ஒரு வருஷம் தூங்கவிடாமல் பண்ணியது. இந்த வருஷம் அப்படி நடக்கக் கூடாது என்று பூஜைக்குக் கால் மணி முன்னாலேயே தன் கையால் அந்தச் சுவிட்சை மேனுவலுக்குத் திருப்பினார். திருப்பிவிட்டு, அதன் குமிழ்மேலேயே சந்தனம் வைத்து அதன்மேல் குங்குமமும் வைத்தார். பொட்டு வைப்பது இங்கே அவர் வேலை, வேறு யாரும் வைப்பதில்லை. அம்மா வந்தார்கள், சூடம் காட்டினார்கள், கரண்ட் போகவே இல்லை. அம்மா சிரித்துக்கொண்டே "இந்த வருஷம் நல்லபடியா ஆச்சுங்க" என்றார்கள். அந்தச் சந்தோஷத்தில் பொரியைத் தின்றுகொண்டு வீட்டுக்குப் போய்விட்டார். அவ்வளவுதான். திருப்பினது ஞாபகம் வரவில்லை. இன்று காலை மாரப்பன் போன் வரும் வரைக்கும் மயிரளவுகூட ஞாபகம் வரவில்லை. சர்வீஸ் கம்பெனி ஆள் ஒன்பது மணிக்கு வந்து போட்டோ எடுத்துக்கொண்டு போயிருக்கிறான். அந்தப் போட்டோவில் குமிழ்மேல் பொட்டு கலையாமல் உட்கார்ந்திருக்கும். பொட்டு கலையவில்லை என்றால் பூஜைக்குப் பிறகு யாரும் அதைத் திருப்பவில்லை. பூஜைக்கு முன்னால் திருப்பியது யார்? பொட்டு வைத்தவன். கண் இருக்கிறவன் பார்த்தால் தெரியும். யார் பார்க்கப் போகிறார்கள். பார்த்துவிட்டால்? டீயை எடுத்தார், ஆறிப்போயிருந்தது, வைத்துவிட்டார்.

சரி, திருப்பினது ஒரு தப்பு. அது ஒரு நிமிடத்துத் தப்பு. கரண்ட் போனதும் மாரப்பன் ஓடிவந்து பச்சைப் பொத்தானை அமுக்கியிருந்தால் முடிந்தது, ஒரு குஞ்சுக்குக்கூட மூச்சு முட்டியிருக்காது. அவன் ஓடித்தான் வந்தான். வந்து நின்றான். ஏன் நின்றான்? இது தாளில் இல்லாத ஏன், ஐந்து கட்டத்துக்கும் வெளியே நிற்கிற ஏன். பூஜையில் வைத்ததை மறுநாள் மறுபூஜை போட்டு எடுக்கும்வரை தொடக் கூடாது. போன வருஷம் இதே மாரப்பன் அவசரத்துக்குப் பூஜையிலிருந்து ஒரு ஸ்பேனரை எடுத்துவிட்டான், தண்டபாணி அவனை அத்தனை பேர் முன்னாலும் வைத்து, "சாமி முன்னால வெச்சதுல கை வெக்கறியே, உனக்கு அறிவிருக்கா" என்று கேட்டார். அதற்கு முந்தின வருஷம் செங்கோடன் என்று ஒருத்தன் யாரையும் கேட்காமல் ஜெனரேட்டரைப் போட்டு, அது புகைந்துபோய், அன்றைக்கே பெட்டியைக் கட்டினான். அன்றும் தண்டபாணிதான் எல்லாரையும் நிற்கவைத்துச் சொன்னார், என்னைக் கேக்காம எவனும் இதுல கை வெக்கக் கூடாது என்று. சொன்னதைக் கேட்கிற ஆள் ஒருத்தன் கிடைத்தான். சுவிட்ச் மேனுவலில் இருக்கிறது, அதன்மேல் சாரே பொட்டு வைத்திருக்கிறார், அப்படியானால் உள்ளே ஏதோ கோளாறு, தெரிந்துதான் வைத்திருக்கிறார், நாம் போட்டு எரிந்துவிட்டால்? அவன் புத்தி இப்படித்தான் ஓடியிருக்கும், அவர் அவன் இடத்தில் இருந்தாலும் அப்படித்தான் ஓடியிருக்கும். போனை எடுத்து அவரைக் கூப்பிட்டான். கூப்பிட்டுக்கொண்டே இருந்தான். நடுநடுவே ஓடிப்போய் ஹேட்சர் கதவுகளைத் திறந்துவிட்டு, அட்டைப்பெட்டியைக் கிழித்து விசிறியிருக்கிறான். பதினோராயிரம் குஞ்சுக்கு ஒரு அட்டை. வாசலோரத்து ஹேட்சர் பாதி பிழைத்தது அதனால்தான். விசிறிவிட்டு மறுபடி ஓடிவந்து போன்.

இருபத்து மூன்று தடவை. தண்டபாணியின் போனில் அது சிவப்பாக வரிசையாக இருக்கிறது, அழிக்கலாமா என்று காலையிலிருந்து நாலு தரம் எடுத்துப் பார்த்தார், அழித்தால் மட்டும் என்ன, அவன் போனிலும் இருக்குமே. போன் அந்த நேரம் ஸ்கூட்டர் பெட்டிக்குள் கிடந்தது. அவர் கோயிலில் உட்கார்ந்திருந்தார், மடியில் பேரன், எதிரே தாம்பாளத்தில் பச்சரிசி. விஜயதசமி என்று மகள் பத்து நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தாள், அப்பா நீங்கதான் கை பிடிச்சு எழுதணும், உங்க கையெழுத்து நல்லாருக்கும். பிடித்தார். பிஞ்சு விரல் அரிசிக்குள் போக மாட்டேன் என்று மடங்கியது. நீட்டுடா கண்ணு, நீட்டு. அ. ஒரு சுழி, ஒரு வளைவு, கீழே ஒரு கோடு. குருக்கள் இன்னொரு தரம் என்றார், இன்னொரு தரம் எழுதினார்கள், பிறகு சர்க்கரைப் பொங்கல், பிறகு போட்டோ. எந்த 'அ'வுக்கு எத்தனையாவது கூப்பிடல்? இப்படியெல்லாம் கணக்குப் போட்டால் பைத்தியம் பிடிக்கும். ஆனால் மனசு போடுகிறது. முதல் 'அ' ஏழு மணி இருக்கும், அப்போது எல்லாம் உயிரோடு. பொங்கல் ஏழேகால். அவர் பொங்கலில் முந்திரி தேடிக்கொண்டிருந்தபோது. ஏழு முப்பத்திரண்டுக்கு ஸ்கூட்டர் பெட்டியைத் திறந்தார், போன் அடித்துக்கொண்டிருந்தது. "சார், கரண்ட் இல்லீங்க சார், ஜெனரேட்டர் போடலாங்களா?" அவர் கத்தினார். "போடுய்யா! இதையாய்யா கேப்பே!" அந்தப் பக்கம் பத்து நொடியில் உறுமல் கேட்டது. பச்சைப் பொத்தான்மேல் இருந்த சந்தனத்தில் மாரப்பனின் கட்டைவிரல் ரேகை அப்படியே பதிந்திருக்கிறது, அதை அவர் பார்த்தார். இதையாய்யா கேப்பே. அவன் வாயால் ஒரு தரமாவது, நீங்கதானே சார் கேக்கச் சொன்னீங்க என்று வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். வரவில்லை.

ஒன்பதரைக்கு இந்த மேசைக்கு எதிரே வந்து நின்றான். உட்காரச் சொன்னால் உட்கார மாட்டான். சட்டையெல்லாம் மஞ்சள் தூவி ஒட்டியிருந்தது. "ஏனுங்க சார், எழுதப் போறீங்களாமா?" என்றான். ஆமாம் என்றார். "நான் மறந்துட்டேன்னு எழுதிக்குங்க சார். ஆட்டோவுல போட மறந்துட்டேன்னு." தண்டபாணி அவன் முகத்தைப் பார்த்தார். சுவிட்சைத் திருப்பியது யார் என்று அவனுக்குத் தெரியும், நேற்று பக்கத்தில் நின்று குங்குமக் கிண்ணத்தைப் பிடித்திருந்ததே அவன்தான். "எதுக்குய்யா நீ..." என்று ஆரம்பித்தார், அவன் முடிக்க விடவில்லை. "இல்லீங்க சார். பூஜை போட்டதால செத்துப்போச்சுன்னு மட்டும் எழுதீராதீங்க. அந்தப் பழி சாமி மேல போயிரும். பதினோராயிரம் உசுருங்க. சாமி குத்தம் ஆயிருச்சுன்னா என்ற பிள்ளைகளுக்கு ஆகாதுங்க. மனுசன் மறக்கறது சகசந்தானுங்களே." சொல்லிவிட்டுப் போய்விட்டான். அவன் தன்னைக் காப்பாற்ற அதைச் சொல்லவில்லை, தண்டபாணியைக் காப்பாற்றவும் சொல்லவில்லை, சாமியைக் காப்பாற்றச் சொன்னான். ஆனால் அவன் சொல்லி முடித்த அந்த நொடியில் தண்டபாணியின் நெஞ்சுக்குள் இருந்து ஒரு பாரம் இறங்கியது. இறங்கியது நிஜம். அப்பாடா என்று இருந்தது. அந்த அப்பாடாவை நினைக்க நினைக்க இப்போது தன்மேல் காறித் துப்பலாம் போல இருந்தது அவருக்கு.

துப்பலாம் போல இருந்தாலும் கை எழுதத்தான் செய்தது. மணி பதினொன்றே கால். சும்மா எழுதிப் பார்ப்போம் என்றுதான் ஆரம்பித்தார், எழுதிப் பார்க்க வேறு தாள் இல்லை, எல்லாத் தாளிலும் நம்பர் அடித்திருக்கிறது. மூன்றாவது கட்டம்: ஆப்பரேட்டர் ஆட்டோவுக்கு மாற்ற மறந்துவிட்டார். என்ன அழகான கையெழுத்து, மகள் சொன்னது சரிதான். முடிந்தது என்று பார்த்தால் நாலாவது கட்டம் மூலையில் இருந்து கேட்டது, ஏன்? ஏன் மறந்தார்? மனுஷன் மறப்பான், இதற்கு என்ன ஏன். ஆனால் கட்டத்தைக் காலியாக விட்டால் தாள் திரும்பி வரும். யோசித்தார். பொய்க்கு ஒரு காரணம் தேடினால் உண்மையான காரணம் ஒன்று கையோடு வந்தது: தொடர்ந்து இரண்டு ஷிப்ட் வேலை பார்த்ததால் களைப்பு. அது நடந்ததுதான், நேற்று மத்தியானத்திலிருந்து இன்று காலை வரைக்கும் மாரப்பன் ஒருத்தனேதான் ஆப்பரேட்டர். எழுதினார். ஐந்தாவது கேட்டது, ஏன்? ஏன் இரண்டு ஷிப்ட்? மற்ற இரண்டு ஆப்பரேட்டர்களுக்கும் பண்டிகைக்கு லீவு கொடுத்ததால். கொடுத்தது யார்? லீவுச் சீட்டு இதே மேசை டிராயரில் இருக்கிறது, கீழே கையெழுத்து, அதே அழகான கையெழுத்து. தண்டபாணி பேனாவை மூடிவைத்துவிட்டுத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். இந்தப் பக்கம் போனாலும் அங்கேதான் வருகிறது. உண்மையைச் சொல்லிப் போனாலும் அவர், பொய்யைச் சொல்லிப் போனாலும் அவர். மனுஷன் பேர் வரக் கூடாது என்று அந்த ஆள் கழுத்துப்பட்டையை இழுத்துக்கொண்டு சொன்னாரே, வருகிறதே ஐயா, என்ன செய்வது? முப்பது வருஷ சர்வீஸ், ரிட்டையராக இன்னும் நாலு வருஷம், இந்த வயதில் எந்தப் பொரிப்பகத்தில் போய் நிற்பது? மாரப்பன் மட்டும் எங்கே போய் நிற்பான்? அவன் மூத்த பெண் இந்த வருஷம் பத்தாவது. காம்பவுண்டுச் சுவரை ஒட்டின அந்த வீட்டு வாசலில் அந்தப் பெண் சத்தமாகப் படிப்பது சாயங்காலங்களில் இந்த ஜன்னல்வரை கேட்கும்.

திடீரென்று டீ நடுக்கத்தை நிறுத்தியது. என்னவென்று அவருக்கு முதலில் பிடிபடவில்லை. பிறகுதான் ஜெனரேட்டர் நின்றிருப்பது தெரிந்தது. மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது, கரண்ட் வந்துவிட்டது, லைன்மேன் எப்போது வந்தான் என்றே தெரியவில்லை. அந்த நிசப்தத்தில் தூரத்தில் மூன்றாவது ஹேட்சரின் மிச்சக் குஞ்சுகள் கீச்சிடுவது மெல்லிசாகக் கேட்டது. வாசலில் நிழல் ஆடியது. மாரப்பன். "கரண்ட் வந்துருச்சுங்க சார். நான்தானுங்க நிறுத்துனேன்." சரி என்றார். அவன் போகவில்லை. தலையைச் சொறிந்துகொண்டு நின்றான். "சுவிட்ச ஆட்டோவுல போட்டுறட்டுங்களா சார்?" தண்டபாணி அவனையே பார்த்தார். "இன்னும் மேனுவல்லயா இருக்கு?" "ஆமாங்க சார். நீங்க ஒண்ணும் சொல்லலீங்களே. மறுபூஜையும் இன்னும் ஆகலீங்க. ஒரு சூடம் காட்டுனீங்கன்னா..." இத்தனை நடந்த பிறகும் அது மேனுவலில்தான் இருக்கிறது. இந்நேரம் கரண்ட் மறுபடி போயிருந்தால் மறுபடி இவன் போனை எடுத்திருப்பான், மறுபடி கூப்பிட்டிருப்பான். தண்டபாணிக்குக் கண் கலங்கியது, அவர் அதை மறைக்கவில்லை. "போய்ப் போடு மாரப்பா. சூடமெல்லாம் வேண்டாம், போடு" என்றார். அவன் அரைமனசாகப் போனான். அவர் பேனாவைத் திறந்தார். மூன்றையும் நாலையும் குறுக்கே அடித்தார். அடித்ததற்குப் பக்கத்தில் சின்னக் கையெழுத்துப் போட்டார். ஐந்தாவது கட்டத்தில் எழுதினார்: சுவிட்சைத் திருப்பியது நான். என்னைக் கேட்காமல் தொடக் கூடாது என்று சொல்லி வைத்திருந்ததும் நான். ஆப்பரேட்டர் தப்பு இல்லை. தண்டபாணி. சாமியைப் பற்றி ஒரு வார்த்தை எழுதவில்லை, அவன் கேட்டது அது ஒன்றுதானே, அதையாவது காப்பாற்றினார். எழுதி முடித்ததும் பயம் போய்விடும் என்று நினைத்திருந்தார், போகவில்லை, ஆனாலும் தாளை மடித்து எடுத்துக்கொண்டு வெளியே வந்தார்.

கேட்டில் ஹாரன் கேட்டது. பன்னிரண்டுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போதே கார் வந்துவிட்டது. பின்கதவு திறந்து எம்.டி. இறங்கி, காதில் போனோடு, இவரைப் பார்த்து ஒரு தலையசைப்போடு நேரே ஹேட்சர் ரூம் பக்கம் போனார். தண்டபாணி கையில் இருந்த தாளை அவர் கேட்கவில்லை. பின்னாலேயே இறங்கிய மேனேஜர் தாளை வாங்கி, பிரிக்காமலே பைலுக்குள் செருகிக்கொண்டார். "சார், அதுல நான்..." என்றார் தண்டபாணி. "பார்த்துக்கலாங்க, அதெல்லாம் காலையிலயே பேசி முடிச்சாச்சு" என்று சொல்லிக்கொண்டே மேனேஜரும் நடந்தார். டிரைவர் பக்கத்து சீட்டிலிருந்து இன்னொரு ஆள் இறங்கினான். முப்பது வயது இருக்கும், தோளில் ஒரு துணிப்பை, கையில் சுருட்டிய பாய். காலையிலேயே என்றால் எத்தனை மணிக்கு? அவர் முதல் கட்டத்தை எழுதுவதற்கு முன்பா, கோயிலில் இருந்து வந்து சேர்வதற்கே முன்பா? வந்தவன் யாரிடம் போய் நிற்பது என்று தெரியாமல் சுற்றிப் பார்த்தான். கொட்டகை வாசலில் மாரப்பன் நின்றிருந்தான். பையைப் பார்த்தான், பாயைப் பார்த்தான், அவனுக்குப் புரிந்துவிட்டது. தோள் துண்டை எடுத்து ஒருதரம் முகத்தைத் துடைத்துக்கொண்டான். "வாங்க தம்பி, இப்படி வாங்க" என்று புது ஆளை உள்ளே கூட்டிக்கொண்டு போனான். தண்டபாணி வெயிலில் நின்ற இடத்திலேயே நின்றார். மந்தமில்லாத காதில் மாரப்பனின் குரல் தெளிவாகக் கேட்டது. "இது ஜெனரேட்டருங்க. இது ஆட்டோ, இது மேனுவல். என்ன அவசரம்னாலும் சாரக் கேக்காம இதுல கை வெச்சுராதீங்க."